கிளை இல்லாத பீஸ்

எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளிலிருந்து ஒரு பொத்தான் தவறி விழுந்தால் அது தெற்குப் பக்கமாகத்தான் உருண்டு ஓடும். புதிதாக வந்த பெண்கள் டேபிளுக்கு அடியிலேயே குனிந்து தேடுவார்கள். நான் நேராகத் தெற்குச் சுவர் ஓரம் போய் எடுத்து வந்து கொடுப்பேன். கட்டடம் கட்டும்போது தரையை மட்டமாக்கிவிட்டதாக இஞ்சினியர் சொன்னார். திறப்பு விழாவில் அவருக்குச் சால்வைகூடப் போட்டார்கள். பொத்தானுக்குச் சால்வை விவரம் தெரியாது. இது திருப்பூர் நெருப்பெரிச்சலின் ஃபுட்பால் கிரவுண்டு, இங்கே எதுவும் பள்ளத்து கோலைப் பார்த்துத்தான் ஓடும் என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

நான் விஜயராணி. தைத்து வரும் டி-ஷர்ட்டை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, எங்கே கோளாறோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது என் வேலை. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எதுவானாலும் அம்பு. மனிதர்களுக்கும் ஒட்டலாம் என்று உத்தரவு வந்தால் இந்த ஊரில் ஸ்டிக்கருக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். என் வீட்டுக்காரர் சகாயராஜ் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு பேருக்கும் தெற்கே திசையன்விளைப் பக்கம். பிழைக்க வந்த இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பார்த்தது இதே கிரவுண்டில்தான்.

அப்போது இது சுப்பையக் கவுண்டரின் மேட்டுக்காடு. கிணறு வற்றிப்போய், சோளம்கூட வராமல் சும்மா கிடந்தது. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த எங்கள் ஊர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கவுண்டர் ஒன்றும் சொல்லவில்லை. "காலு பட்டா களையாச்சும் சாகுமுங்க," என்றாராம். பிறகு உள்ளூர்ப் பையன்களும் சேர்ந்து, இரண்டு குழுவாகி, வருடா வருடம் ஆடி மாதம் ஒரு கோப்பை என்றாகிவிட்டது. எங்களது அந்தோணியார் குழு. அவர்களுடையது நெருப்பெரிச்சல் குழு.

அந்தக் கிரவுண்டை மாதிரி ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வடக்கிலிருந்து தெற்கே சரிவு. டாஸ் ஜெயித்தவர்கள் முதல் பாதியில் பள்ளத்தைப் பார்த்து அடிப்பார்கள்; இரண்டாம் பாதியில் மேடேறி மூச்சு வாங்கித் தோற்பார்கள். எல்லைக்கோடு சாயப்பட்டறைப் பாய்லர் சாம்பலில் போடுவது. ஆடிக் காற்று அடித்தால் கோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். வலது ஓரத்தில் அந்த வற்றிய கிணறு. பந்து அதில் விழுந்தால் அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் வலது பக்கம் ஆடுகிறவர்கள் எல்லோரும் சாதுவாக ஆடுவார்கள். கோல் வலை, பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து முடிந்து கட்டியது. அந்த வருடம் எந்தக் கம்பெனிக்கு என்ன ஆர்டரோ அந்த நிறம். ஒரு வருடம் முழுக்கக் குழந்தைகளுக்கான ரோஸ் கலர். அதற்குள் கோல் வாங்க, கோலைக் காக்கிற கோலிகளுக்கே கூச்சமாக இருந்தது.

பள்ளத்து கோலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அந்த நிழல் பெண்களுக்கு. மரத்தின் ஒரு கிளை மட்டும் வளைந்து வந்து கோல் கம்பத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். வெட்டிவிடலாம் என்று ஒரு தடவை பேச்சு வந்தது. சாமி மரம், வெட்டக்கூடாது என்றார் கவுண்டர். சரி, கிளையில் பட்டாலும் ஆட்டம் நிற்காது, காற்றில் பட்ட மாதிரி கணக்கு என்று ஒரு சட்டம் போட்டார்கள். என் கல்யாணத்தில் வந்து முடிந்த சட்டம் அது.

தொண்ணூற்றேழாம் வருடத்து ஃபைனல். கடைசி நேரம். வலது மூலையிலிருந்து பந்து வளைந்து வருகிறது. எங்கள் குழுவில் பின்னால் நின்று தடுக்கிற ஆள் சகாயராஜ். அதுவரை ஒரு கோல் போட்டதில்லை, போடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, முன்னால் ஓடி வந்து எம்பினார். பந்து உள்ளே போய்விட்டது. மைக்கில் "கோல் அடித்தவர் சகாயராஜ்" என்றார்கள். பேர் தெரியாத பையனாக இருந்தவர் அன்று மாலையே 'கோல் சகாயம்' ஆகிவிட்டார். என் அண்ணன் அப்போது அந்தோணியார் குழுவுக்கு மாலை வாங்கிப்போட்டு ஆடிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டம் ஓய்வதற்குள் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அண்ணன் வேறெதுவும் விசாரிக்கவில்லை.

ஆனால் நெருப்பெரிச்சல் குழுவின் கோலி வேலுமணி வேறு கதை சொன்னார். பந்து நேராக வந்து கிளையில் பட்டு, அங்கிருந்து விழுந்து உள்ளே போனதாம். சகாயராஜின் தலை முடியைக்கூடத் தொடவில்லையாம். தன்னை ஏமாற்றியது மரம்தான், மனிதன் அல்ல என்பது அவர் வாதம். பரிசளிப்பிலேயே கத்தினார்: "கப்ப வேப்பமரத்துக்குக் குடுங்க!" அதை அவர் இன்னும் நிறுத்தவில்லை. அவர் சொல்வது சரியென்றால் நான் வேப்பமரத்துக்குத்தான் கழுத்தை நீட்டியிருக்க வேண்டும். சில நாட்களில் அதுவும் மோசமில்லை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. மரம் சோற்றில் உப்பில்லை என்று சொல்லாது.

நீ மரத்தடியில்தானே நின்றாய், நீ பார்த்திருப்பாயே என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. பந்து பெண்கள் பக்கமாக வந்தது. எல்லாப் பெண்களும் குனிந்தோம், நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது, இவர் மண்ணில் கிடந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதை நூறு தடவை சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் திருப்தியில்லை.

பிறகு கவுண்டரின் மகன் சசிகுமார் தலையெடுத்து, காட்டில் கம்பெனி கட்டினார். மரம், கிணறு, மேடு எல்லாம் ஒரே வாரத்தில் போயின. சாமி மரம் என்ற பேச்சை அப்போது யாரும் எடுக்கவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு அங்கேயே வேலை கிடைத்ததால் நாங்களும் எடுக்கவில்லை. செண்டர் இருந்த இடத்தில் கட்டிங் டேபிள். கிணற்றின் மேல் ஜெனரேட்டர். பள்ளத்து கோல் இருந்த இடத்தில் என் செக்கிங் டேபிள். வேலுமணி பிரிண்டிங் மாஸ்டராக வந்து சேர்ந்தார். ஆக, கோல் போட்டவர், கோல் வாங்கியவர், கோலைப் பார்க்காதவள், மூன்று பேரும் அதே கிரவுண்டில் தினமும் காலையில் கார்டு பஞ்ச் பண்ணினோம்.

இரண்டாயிரத்து ஏழில் சரக்கு வாங்க ஒரு பையர் வந்தார். வெள்ளைக்காரர், வயதானவர். அவர் ஊரில் ஒரு பழைய ஃபுட்பால் மைதானத்தை இடித்து அடுக்குமாடி வீடு கட்டிவிட்டார்களாம். அந்த மைதானத்து ரசிகர்கள் சங்கம் வைத்திருக்கிறார்களாம். அங்கே எப்போதும் தப்பு நேரம் காட்டிய ஒரு கடிகாரம், சாத்தவே முடியாத ஒரு மரக் கேட், மழை வந்தால் ஒழுகும் ஒரு கூரை, இதெல்லாம் இல்லாமல் போனதை நினைத்து வருந்துகிறார்களாம். அந்தக் கடிகாரத்தையும் கேட்டையும் ஒழுகும் கூரையையும் படமாகப் போட்டு டி-ஷர்ட் வேண்டும் என்று ஆர்டர். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ஜனனி இதை எங்களுக்கு விளக்கியபோது, நான் கேட்டதை முதலில் நம்பவில்லை. நல்ல கடிகாரம் வைத்திருந்தால் யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கம்பெனியைச் சுற்றிக் காட்டும்போது சசிகுமாருக்கு ஒரு பெருமை தலைக்கேறியது.

"ஜனனி, அவருகிட்டச் சொல்லுங்க, இதும் ஃபுட்பால் கிரவுண்டுதானுங்கன்னு. எங்கப்பாரு காடு."

ஜனனி சொன்னாள். வெள்ளைக்காரர் நின்றுவிட்டார். கோல் எங்கே இருந்தது என்று கேட்டார். சசிகுமார் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். நாங்கள் ஆடிய காலத்தில் அவரை டியூஷனுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். வேலுமணிதான் பிரிண்டிங்கிலிருந்து வந்து என் டேபிளைக் காட்டினார். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் டேபிளுக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார். என் விரலில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டுவதா, நானும் தலையைக் குனிவதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். அதைப் பார்த்து சசிகுமாரும் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

போகும்போது பையர் ஒரு ஆசை சொன்னார். தன் ஊர் மைதானத்தோடு இந்த மைதானத்துக்கும் ஒரு டி-ஷர்ட் போட வேண்டும், தன் சங்கத்துக்காரர்கள் வாங்குவார்கள். என்னென்ன இருந்தது என்று பழைய ரசிகர்களைக் கேட்டு வரையுங்கள் என்றார்.

அடுத்த நாள் மதியம் சாப்பாட்டு ஹாலில் எங்களைக் கூட்டினார்கள். ஜனனி கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாள். கோவையில் படித்த பிள்ளை, கிரவுண்டு இருந்தபோது ஐந்தாவதோ ஆறாவதோ. எங்கள் ஆட்களுக்குப் பேச்சு கிடைத்தால் போதாதா? ஓவர்லாக் மெஷின் முனீஸ் ரோஸ் கலர் வலையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தான். அந்த வலையை அன்றைக்குப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் அவன்தான். ஒருவர் கிணற்றுக்குள் புறா இருந்தது என்றார். இன்னொருவர் ஆந்தை என்றார். இறங்கிப் பந்து எடுத்த ஆள் எழுந்து, "ரெண்டும் இல்லவே, பாம்பு," என்றார். பெரியவர் சுப்பையக் கவுண்டர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தன சங்கதியா இருந்துச்சு? நான் சோளம் வரலீங்கறத மட்டுந்தான் பாத்தனுங்க," என்றார்.

சசிகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்பேர்ப்பட்ட கிரவுண்ட உட்டுருக்கவே கூடாதுங்க. என்ன மனசு இருந்தா இத இடிச்சிருப்பாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. போனஸ் மாதம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

ஜனனி எல்லாவற்றையும் வரைந்தாள். சரிவு, சாம்பல் கோடு, கிணறு, வலை. மரத்தையும் வரைந்தாள். அப்போது வேலுமணி மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு, அந்தக் கெளைய மறந்துபோட்டீங்களே. கோலுக்கு மேல ஒண்ணு வருமுங்க."

சகாயராஜ் எழுந்துவிட்டார். "எந்தக் கிளை? மரம் அங்க நின்னுச்சு. கோல் இங்க இருந்துச்சு. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"ஏனுங் சகாயம், அந்தக் கெளைக்குன்னு தனியாச் சட்டமே போட்டமுங்களே?"

"சட்டம் போட்டது வேற. அதெல்லாம் ஃபைனலுக்கு முந்தியே காத்துல முறிஞ்சுட்டு."

ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது பொய்யென்று தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தது. இத்தனை வருடங்களில் அந்த மனிதனுக்கு என்ன கிடைத்தது? வாடகை வீடு, கத்தி பிடித்துக் காய்த்த கை. எங்கள் காலனியில் மூன்று சகாயராஜ்கள் உண்டு. இவரை மட்டும்தான் பால்காரர் முதற்கொண்டு 'கோல் சகாயம்' என்பார்கள். கிளையை வரைந்தால் அந்தப் பேர் போய்விடும். உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் சட்டையில் அது நிரந்தரமாக மரத்தின் கோல் ஆகிவிடும். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கிளை வரைஞ்சா திங்கக்கெழமை நான் கத்தியத் தொட மாட்டேன்," என்றார் இவர்.

சசிகுமார் நியாயமான மனிதர். பிரிண்டிங்குக்கு ஆள் கிடைக்கும், சீசனில் நல்ல கட்டிங் மாஸ்டர் கிடைக்க மாட்டார். "மரம் இருக்கட்டுமுங்க. கெளை வேண்டாம். டிசைனும் நீட்டா இருக்கும்," என்று தீர்ப்புச் சொன்னார். வேலுமணி, "செரிங்க மொதலாளி," என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் செரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

சாம்பிள் அடித்து, பார்சல் போய், பதிலும் வந்துவிட்டது. ஜனனி துள்ளிக்கொண்டு வந்தாள். பையர் அப்ரூவ் பண்ணிவிட்டார். அதிலும், கோலுக்கு மேலே வளைந்து வருகிற அந்த மெல்லிய கிளை இருக்கிறதே, அதுதான் மொத்த டிசைனுக்கும் உயிர் என்று எழுதியிருந்தாராம்.

"எந்தக் கிளை?" என்று கேட்டேன்.

அவளுக்கும் புரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள், கிளை இல்லை. கம்பெனியில் மாட்டி வைத்திருந்த இன்னொரு சாம்பிளை எடுத்து விரித்தோம். இருந்தது. மரத்திலிருந்து கிளம்பி, கோல் கம்பத்துக்கு மேலே வளைந்து, நுனியில் இரண்டாகப் பிரிந்து நின்றது ஒரு கோடு. பிரிண்டிங் ஸ்கிரீனில் எங்கோ ஒரு பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் இங்க் இறங்காமல் விட்டுப்போன கோடு. செக்கிங்குக்கு வந்திருந்தால் நான் அதன் தலையில் ஒரு அம்பு ஒட்டியிருப்பேன். சாம்பிள் செக்கிங்குக்கு வராது.

சகாயராஜ் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு பிரிண்டிங்குக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"வேணும்னே வச்சிருக்கீரு!"

"அண்ணமாரு சத்தியமாச் சொல்றனுங்க, பஞ்சு. திருப்பூர்ல பஞ்சு ஒட்டாத எடம் எங்கீங்க இருக்குது? எம்பட மீசையப் பாருங்க."

மீசையிலும் பஞ்சு இருந்தது. அவர் சத்தியம் செய்ததை நான் நம்பினேன். ஆனால் அந்தப் பஞ்சைப் பார்த்த பிறகு எடுத்துப்போட்டிருக்கலாமே என்று கேட்டால், அதற்குச் சத்தியம் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இரண்டு பேரும் சசிகுமாரிடம் போனார்கள். அவர் கையை விரித்தார்.

"அப்ரூவ் ஆயிருச்சுங்களே சகாயம்."

அதற்கு மேல் பேச்சில்லை. இந்த ஊரில் அப்ரூவ் ஆன சாம்பிள்தான் வேதம். சாம்பிளில் ஒரு கை குட்டையாக இருந்தால், மொத்த ஆர்டரான பல்க்கிலும் ஒரு கை குட்டையாகத்தான் தைக்க வேண்டும். சரியாகத் தைத்தவனுக்குத்தான் திட்டு விழும். ஜனனி அந்தப் பஞ்சுக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, நுனி எத்தனை இழை, எங்கே வளைவு என்று அப்படியே கம்ப்யூட்டரில் வரைந்தாள். கோளாறை இத்தனை சிரத்தையாக ஒருவர் செய்து நான் பார்த்ததில்லை. வேலுமணி புது ஸ்கிரீன் போட்டார். இந்தத் தடவை அதில் பஞ்சு ஒட்டாமல் பார்த்துக்கொண்டார்.

பல்க் ஓட ஆரம்பித்ததும் ஜனனி என் டேபிளுக்கு வந்தாள்.

"அக்கா, கெளை ரொம்ப மெல்லிசு. பிரிண்ட்ல மூடிக்கும். கெளை இல்லாத பீஸ் ரிஜெக்ட்டுங்க்கா. கண்டிப்பாப் பாத்துக்கோங்க."

நான் பார்த்துக்கொண்டேன். கோல் கம்பம் நின்ற அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கிளை இருக்கிறதா, இருக்கிறதா என்று ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தேன். கிளை இருந்தால் பாஸ். இங்க் மூடிக் கிளை காணாமல் போயிருந்தால், அந்த வெற்றிடத்தில் ஒரு சிவப்பு அம்பு. அதாவது, என் புருஷன் தலையால் கோல் போட்ட சட்டையெல்லாம் தள்ளுபடி, மரம் கோல் போட்டதெல்லாம் சீமைக்கு. அவர் கட்டிங் டேபிளிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீயும் ஒட்டுதியா ராணி?"

"பின்ன? கிளை இல்லாததப் பாஸ் பண்ணிட்டு என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லுதியளா?"

"ஒனக்கு மனசே கேக்குதா?"

"மனசக் கேட்டா செக்கிங்ல உக்கார முடியும்?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஆனால் ஒன்று நடந்தது. கோடு நிஜமாகவே மெல்லியது, நாளாக ஆக ஸ்கிரீன் தேய்ந்து, இங்க் பரவி ரிஜெக்ட் குவிந்தது. என் டேபிளுக்குக் கீழே கிளை இல்லாத கிரவுண்டுகள் மூட்டையாக ஏறின. சகாயராஜ் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது. நல்ல சரக்கு கண்டெய்னர் ஏறிப் போனது. ஆயுத பூஜை வந்தது. சசிகுமாருக்கு ஒரு யோசனை உதித்தது. பொரிப் பொட்டலத்தோடு பழைய ரசிகர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரிஜெக்ட் சட்டை. "நம்ம கிரவுண்டு, நம்ம சட்டைங்க," என்று மைக்கில் பேசினார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெருப்பெரிச்சல் டீக்கடையில் எங்கே பார்த்தாலும் அந்தச் சட்டைதான். ஒன்றில்கூடக் கிளை இல்லை. வேலுமணியும் அதையே போட்டுக்கொண்டு ஒரு மூலையில் டீ குடித்தார். கிளை இல்லாத கோலுக்கு அவர் நெஞ்சே விளம்பரமாக இருந்தது. இனி எத்தனை வருடம் போனாலும் இந்த ஊரில் யாராவது எடுத்துப் பார்த்தால் அது சகாயராஜின் கோல்தான். பதிலுக்குச் சீமையில் அது மரத்தின் கோல். அங்கே நமக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.

ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அன்று மதியம் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றிக் கட்டிலில் விரித்து, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"ராணி, இங்க வா. இது நம்ம கிரவுண்டு மாதிரியாட்டி இருக்கு?"

"கிணறு இருக்கு, வலை இருக்கு, மரம் இருக்கு. பின்ன என்ன?"

"கிளை இல்லையே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அந்தக் கிளை வேண்டாம்னுதான ஊரக் கூட்டிச் சண்ட போட்டிய?"

அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு நான் குதிச்சேம்லா, அப்ப மூஞ்சி பூரா வேப்பிலை. கண்ணு, மூக்கு எல்லாத்துலயும் இலை அடிச்சிச்சு. பந்து தலையில பட்டுச்சா, கிளையில பட்டுச்சா, சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. கண்ண மூடிட்டேன். ஆனா அந்த இலை பட்டது தெரியும். இப்பவும் தெரியுது. அந்த ஒசரத்துக்கு அதுக்கு முந்தியும் நான் குதிச்சதில்ல, பொறவும் குதிச்சதில்ல. கிளை இல்லன்னா நான் எவ்வளவு ஒசரம் போனேன்னு யாருக்குத் தெரியும்?"

நானும் அந்த நேரம் குனிந்துதானே இருந்தேன். அவர் அந்த உயரத்துக்குப் போனதற்குச் சாட்சி என்று ஒன்று இருந்ததென்றால் அந்தக் கிளைதான். அதை இத்தனை வருடமாக, இல்லை இல்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அவரே பிரிண்டிங்குக்குப் போனார். துணைக்கு நான். வேலுமணி சட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"ஒரு கோடு போட்டுத் தாரும் வேலுமணி. கிளை."

"அப்ப ஒத்துக்கறீங்களாங்க?"

"கிளை இருந்துச்சுன்னு ஒத்துக்கிடுதேன். கோல் என்னுதுதான்."

வேலுமணி சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதிலும் கிளை இல்லை.

"எனக்கும் ஒண்ணு போட்டுக்கோணும்னுதான் நெனச்சனுங்க. முடியாது சகாயம். ஸ்கிரீன் இருக்குது, இங்க் இருக்குது. ஆனாக் கெளையப் போட்டா அது நல்ல பீஸ் ஆயிப்போயிருமுங்க. நல்ல பீஸ் ஒண்ணுகூடக் கம்பெனி கேட்டத் தாண்டக் கூடாதுன்னு பையர் கண்டிசன். வாட்ச்மேன் புடிச்சா எம்பட வேல போயிரும்."

எங்கள் கிரவுண்டு எங்களுக்கு வேண்டுமென்றால் கோளாறோடுதான் கிடைக்கும், சரியானது கப்பலில் போய்விட்டது. நான் இவர் சட்டையைக் கையில் வாங்கி மடிக்கப் போனேன். செக்கிங் பழக்கத்தில் என் விரல் தானாகப் படத்தின் மேல் அழுந்தியது. டேபிளிலிருந்து வரும்போதே விரலில் ஒட்டியிருந்தது ஒரு சிவப்பு அம்பு. அது சட்டையில் ஒட்டிக்கொண்டது. கோல் கம்பத்துக்கு மேலே, கிளை இருக்க வேண்டிய அதே இடத்தைக் காட்டிக்கொண்டு. நகத்தால் அதை உரிக்கப் போனேன்.

"எடுக்காத," என்றார் சகாயராஜ்.

வேலுமணி எட்டிப் பார்த்தார். பிறகு தன் சட்டையை என் பக்கம் இழுத்துக் காட்டினார். "அக்கா, எனக்கும் ஒண்ணு ஒட்டி உடுங்க."

ஒட்டினேன். எங்கே ஒட்ட வேண்டும் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் நெஞ்சில் அம்போடு டீக்கடையில் உட்கார்ந்து, பந்து தலையிலா கிளையிலா என்று சண்டை போடுகிறார்கள். விலைச் சீட்டைக் கிழிக்க மறந்த ஆட்கள் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். துவைத்தால் ஸ்டிக்கர் போய்விடுகிறது. அதனால் சனிக்கிழமை கம்பெனியிலிருந்து கிளம்பும்போது விரலில் இரண்டை ஒட்டிக்கொண்டு வருகிறேன். வாட்ச்மேன் பையைச் சோதிக்கிறார், விரலைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை விரித்து, கோல் கம்பத்துக்கு மேலே அம்பை வைத்து அழுத்துகிறேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஒசரம், இன்னும் கொஞ்சம்," என்கிறார்.